மூக்குக்கு வாய் வைத்தவர்

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் முக்கால்வாசி என் பழைய முதலாளியிடம் சொன்னவைதான். அதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை. சொல்ல வைத்தவர் அவர்.

காலையில் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் திட்டமாட்டார், முறைக்கமாட்டார். வருகைப் பதிவேட்டை நம் பக்கம் திருப்புவார். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் அவரே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து உண்டாக்கிய ஒரு கட்டம் இருக்கும். அதைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டி, "காரணம்?" என்பார். 'பஸ் லேட்' என்று எழுதினால் ஏற்கமாட்டார். "இது காரணம் இல்லம்மா, சம்பவம். பஸ்சு ஏன் லேட்டு?" என்பார். ஆகவே, 'வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி மெதுவாகப் போனது. அதனால் பஸ் நின்றது. அதனால் நான் நின்றேன்' என்று படிப்படியாக எழுதக் கற்றுக்கொண்டேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். அந்த வருஷம் அகல ரயில் பாதை போடுவதற்காக நான் வருகிற வழியில் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ரயில் என்று ஒன்று ஓடவே இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் அவருக்கா தெரியாது? காரணம் கோர்வையாக இருந்தது, அவருக்கு அது போதும்.

2007-இல் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில், மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு பிரிண்டரும் வைத்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஏதோ ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டவருக்கு ஒரு மணி நேரம் காரணம் சொல்வார். இரண்டாம் முறை யாரும் கேட்டதில்லை. ஓட்டலிலும் இதே கூத்துதான். "சாம்பார்ல இன்னிக்கு உப்பு ஜாஸ்தி. காரணம்?" என்பார் சர்வரிடம். "மாஸ்டருக்கும் வூட்டம்மாவுக்கும் சண்ட சார்" என்பான் அவன். உடனே திருப்தியாகி, அந்த உப்புச் சாம்பாரையே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

சென்டரின் தொழில், கம்ப்யூட்டரில் கல்யாணப் பொருத்தம் பார்ப்பது. அதெல்லாம் அப்போது தெருவுக்குத் தெரு இருந்ததுதானே என்பீர்கள். இவருடையது வேறு. இவர் மெஷினுக்கு இரண்டு பாதி. ஒன்றுக்கு மூக்கு என்றும் மற்றதற்கு வாய் என்றும் பெயர் வைத்திருந்தார். மூக்கு என்பது நியூரல் நெட்வொர்க். பழைய கல்யாணங்களை ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை காட்டிக்கொண்டே இருந்தால், புதிதாக ஒரு ஜோடியைக் கொடுத்ததும் தேறும், தேறாது என்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும். ஏன் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. வாய் என்பது விதிகள். ஜோசியர் ஒருவர் சொல்லச் சொல்ல நான் உட்கார்ந்து தட்டியது. இன்ன நட்சத்திரத்துக்கு இன்னது ஆகாது, இன்ன வீட்டில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று காரணகாரியத்தோடு பேசும். ஆனால் உலகம் தெரியாது.

"மூக்குக்குப் பேசத் தெரியாது, வாய்க்கு மோப்பம் தெரியாது. ரெண்டையும் சேத்து வெச்சுட்டா அப்பறம் என்னம்மா?" என்பார். உலகத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இதில்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள், நாம் சிதம்பரத்தில் முடித்துக் காட்டுவோம் என்பார். மூக்கு படித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடும். யூ.பி.எஸ். இருபது நிமிடம் கத்திவிட்டு அடங்கும். அதுவரை படித்தது பூராவும் போச்சு. மின்வாரியத்துக்குப் போன் போட்டு அங்கேயும் காரணம் கேட்பார்.

இந்த மூக்குச் சமாசாரத்தை அவர் என் அம்மாவிடம் பரீட்சை செய்து பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கடலூர் முதுநகர். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். புத்தகத்தில் படித்து மூன்று விதி எழுதிக்கொண்டு வந்திருந்தார். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. மூன்றுக்கும் பொருந்துகிற பாறை மீன் ஒன்றைப் பக்கத்துக் கடையில் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதைத் தொடக்கூட இல்லை.

"இது ஆவாது சாமி."

"காரணம்?"

"ஆவாதுன்னா ஆவாது."

"கண்ணு தெளிவா இருக்கே? செவுள் செவப்பா இருக்கே?"

"தெளிவாத்தான் இருக்குது. ஆனா ஆவாது. வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா வழிய வுடு, யாவாரம் கெடுது."

விதி மேல் இருந்த விசுவாசத்தில் அதையே வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்துத் தின்றார். மறுநாள் சென்டருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் முகம் வெளுத்துப்போய் வந்தவர், வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே 'காரணம்: மூன்று விதிகள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

மூக்குக்குப் படிக்கக் கொடுத்தது ஒரு கல்யாணத் தரகரின் பழைய நோட்டுகள். பெண் பிறந்த தேதி, பிள்ளை பிறந்த தேதி, கடைசியில் 'நன்று' அல்லது 'சரியில்லை'. முந்நூற்றுச் சொச்சம் கல்யாணங்களை நான்தான் தட்டி ஏற்றினேன். வாய்க்கு ஜோசியர் கொடுத்த விதிகள் பத்து. விதிவிலக்கோ நூற்றைத் தாண்டியது. தோஷம் உண்டு, ஆனால் இன்ன கிரகம் பார்த்தால் கிடையாது, பார்த்தாலும் மாப்பிள்ளை இன்ன ராசியாக இருந்தால் உண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். சேர்ப்பு வேலை கடைசியில் இப்படி முடிந்தது: முதலில் மூக்கு முடிவைச் சொல்லும். பிறகு வாய் அந்த முடிவுக்குத் தோதான விதியையோ விலக்கையோ தேடிப் பிடித்து, காரணமாக அச்சடித்துத் தரும்.

"சார், மாப்ள வூட்டுக்காரங்களும் இதானே பண்றாங்க? பொண்ண வந்து பாத்துட்டு, புடிச்சிருந்தா பொருந்தற மாரி ஜாதகம் பாக்கறாங்க, புடிக்கலன்னா பொருந்தாத மாரி பாக்கறாங்க" என்றேன் நான் ஒரு நாள். அவர் சிரிக்கவில்லை. அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவும் இல்லை.

2009-இல் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சிதம்பரத்தில் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர், வீட்டுக்கு மூத்த பிள்ளை. எங்கள் ஆட்கள்தான், கடலோரத்துக் குடும்பம். எங்கள் பக்கம் ஜாதகம் பார்க்கிற பழக்கமே கிடையாது. ஆனால் அந்த வீட்டில் தளம் போட்டுக் கட்டிய புது வீடும் ஜாதக நம்பிக்கையும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்திருந்தன. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, பெண் வேலை செய்கிற சென்டரிலேயே கம்ப்யூட்டர் சீட்டு வேண்டும் என்று ஆசை. என்னிடம் ஜாதகம் இல்லை. ஜோசியர்தான் என் பள்ளிச் சான்றிதழில் இருந்த ஜூன் ஒன்றாம் தேதியை வைத்து, நேரம் காலை பத்து என்று தானே போட்டு, ஒன்றை எழுதிக் கொடுத்தார். நானே தட்டி ஏற்றினேன். மெஷின் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு போட்டது. கீழே பதினொரு காரணம்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை சென்டருக்கே இரண்டு வீட்டாரும் வந்து, சார் கையெழுத்துப் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே கோயிலுக்குப் போய்த் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை பார்த்திருந்தேன். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை, குடி கிடையாது, பார்க்கவும் லட்சணம். அவன் பேச ஆரம்பித்தால் என் கை தானாக இறுகிப் போகும், அவ்வளவுதான். வீட்டில் சொன்னேன். "உனக்கு இன்னாடி கொறச்சல், கொழுப்பா?" என்றாள் அம்மா. திங்கட்கிழமை சாரிடம் போய் நின்றேன்.

"சார், எனக்கு அவுரப் புடிக்கல."

"காரணம்?"

"புடிக்கல சார்."

"அது முடிவும்மா. காரணம் சொல்லு."

இரண்டு வருஷமாக விதவிதமாய்க் காரணம் எழுதிய எனக்கு, உண்மையாகவே ஒன்று தேவைப்பட்டபோது வாயில் எதுவும் வரவில்லை. கையில் கிடைத்ததைச் சொன்னேன். "சார், நான் ஜூன்ல பொறக்கவே இல்ல. கார்த்திகைல பொறந்தேன். ஒண்ணாவது சேக்கறப்ப அஞ்சு வயசு கணக்கு வரணும்னு ஹெட்மாஸ்டர் ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு."

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தரகரின் நோட்டை முழுக்கத் திரையில் ஓடவிட்டார். பெண்கள் பிறந்த தேதியில் ஜூன், ஜூன், மறுபடி ஜூன். எல்லாம் எங்களைப் போல ஜாதகம் இல்லாத வீட்டுப் பெண்கள். எல்லாருக்கும் எதிரே 'நன்று'. தரகருக்குப் போன் போட்டு எதை வைத்து நன்று என்று எழுதினீர் என்று கேட்டார். புகார் சொல்லிக்கொண்டு யாரும் திரும்பி வராவிட்டால் நன்று என்று எழுதிக்கொள்வாராம். எங்கள் பக்கத்தில் அடி வாங்கினாலும் மிதி வாங்கினாலும் தரகரிடம் போய்ப் புகார் சொல்கிற வழக்கம் கிடையாது.

"மூக்கு ஜாதகத்தை மோந்து பாக்கலம்மா. ஜூன்னு இருந்தாலே நன்றுன்னு கத்துக்கிச்சு. ஹெட்மாஸ்டரத்தான் மோந்து பாத்திருக்கு" என்றார். அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஆனால் மறுநாளே நேர்மையாக மாப்பிள்ளையின் அம்மாவையும் ஜோசியரையும் வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். தேதி பொய், ஜாதகம் பொய், தொண்ணூற்று நாலும் பொய்.

அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அதனால இன்னா சார்? ஜாதகம் நல்லா அமைஞ்சிருக்குதில்ல? அத ஏன் போட்டுக் கலைக்கணும்?" என்றாள்.

"பொண்ணு அந்தத் தேதியில பொறக்கலம்மா!"

"யாரு சார் சரியான தேதியில பொறந்தாங்க?" என்றாள் அவள். ஜோசியரும், இப்படி ஒரு ஜாதகம் லேசில் அமையாது, கை வைக்காதீர்கள் என்றார். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள்.

நிஜமான காரணம் ஒன்றைக் கொடுத்து அது செல்லாமல் போனதை அவர் அன்றுதான் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு என் பக்கம் திரும்பி, "வேற காரணம் இருக்காம்மா?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அழுதுகொண்டே கத்தினேன்.

"எங்கம்மா அந்த மீன ஆவாதுன்னாங்களே, காரணம் சொன்னாங்களா? சொல்லல. ஆனா தெரிஞ்சுதில்ல? எனக்கும் அதே மாரிதான் சார் தெரியுது. ஆவாது. எனக்குச் சொல்லத் தெரியல. மெஷினுக்கு வாய் வெக்கணும்னு வருஷக்கணக்கா ஒக்காந்து மண்டைய ஒடச்சிக்கறீங்களே, எனக்குன்னா மட்டும் காரணம் சொல்லு காரணம் சொல்லுன்னு உசுர எடுக்கறீங்க!"

முதலாளியிடம் பேசுகிற பேச்சா அது? வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, திரும்ப மூடி, பைக்குள்ளேயே வைத்தார்.

"நெஜமா எப்ப பொறந்த நீ?"

"கார்த்திகைல. தேதி தெரியாது. அடமழ. தெருவுல முட்டியளவு தண்ணியாம். மருத்துவச்சிய தோள்ல தூக்கிட்டு வந்தாங்களாம்."

"அடமழைங்கறது உறுதிதானே?"

"அது உறுதி சார்."

விதிக் கோப்பில் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை, தட்டுவது என் வேலை. அன்றைக்கு அவரே என் இடத்தில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். மூக்கைக் கேட்காமல் வாயே முடிவும் சொல்லும்படி மாற்றுகிறார் என்று மட்டும் எட்டிப் பார்த்ததில் தெரிந்தது. போய் டீ குடித்துவிட்டு வா என்று விரட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா பட்டுப் புடவையில். பூ, பழம், தட்டு எல்லாம் தயார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான், என் கை இறுகியது. பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் துப்பியது. சார் எடுத்துப் படித்தார்.

"பொருத்தம் இல்லை. காரணம்: அடைமழையில் பிறந்த பெண்ணை வீட்டின் மூத்த மகனுக்குக் கொடுத்தால், கட்டிய கூரை தங்காது."

"இது எந்த சாஸ்திரத்துல சார் இருக்குது?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். சார் ஜோசியரைப் பார்த்தார். எல்லாரும் ஜோசியரைப் பார்த்தார்கள். அந்த விதியை அவர் கொடுக்கவில்லை என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால் என் கதை முடிந்தது. ஆனால் தனக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு என்று நாலு பேர் நடுவில் ஒத்துக்கொள்ள வேண்டும். எந்த ஜோசியர் செய்வார்?

கண்ணை மூடினார். தலையை மெல்ல ஆட்டினார். "இருக்கு. ரொம்பப் பழைய விதி. இப்பல்லாம் யாரும் பாக்கறதில்ல. நாந்தான் சாருக்கு எழுதிக் குடுத்தேன்."

"போன மாசந்தான் தளம் போட்டோம்" என்று முனகினாள் அந்த அம்மாள். தட்டைத் தானே தூக்கிக்கொண்டாள். பழத்தைக்கூட வைத்துவிட்டுப் போகவில்லை.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அம்மா பாதி வழி, புதுச்சத்திரம் வரைக்கும் என்னைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், கம்ப்யூட்டரைத் திட்டினாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒங்க சாரு மொகத்தப் பாத்தேன். பொய் எழுதுன மொகம்" என்றாள். "நாளைக்கு நல்ல வஞ்சரமா ரெண்டு எடுத்துத் தரேன், கொண்டு போயி குடு" என்றாள்.

சார் மீனை வாங்கிக்கொண்டார், நன்றியை வாங்கிக்கொள்ளவில்லை. "அந்த ஜோசியர் இருக்குன்னு சொன்னாரு பாரு, அப்பவே என் மெஷின் செத்துப்போச்சும்மா. எதை வேணாலும் சொல்லும், எதுக்கு வேணாலும் காரணம் குடுக்கும். இத எப்படி வெளிய குடுக்கறது?" என்றார். ஒரே வாரத்தில் பொருத்தம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அத்தனை வருஷ உழைப்பு. எனக்காக எழுதிய ஒரு வரியில் அதைக் கொன்றுவிட்டார் என்று எனக்குத் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் டைப்பிங், பரீட்சை ரிசல்ட் என்று ஓட்டிப் பார்த்தார். பிறகு வெளியூரில் ஏதோ கல்லூரியில் வேலை கிடைத்து மூட்டை கட்டினார். போன் நம்பரும் மாறிவிட்டது.

ஜோசியர் விடவில்லை. அவருக்கு இலவசமாக ஒரு விதி கிடைத்திருந்தது. 2011 கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்துக் கடலூரில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. யார் வீட்டு ஓடு பறந்திருந்தாலும், "மூத்த மருமவ எப்ப பொறந்தா? மழையா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கடலூரில் நவம்பர் டிசம்பரில் பிறந்தவர்கள் மழையில் பிறக்காமல் வேறு எதில் பிறப்பார்கள்? விதி புவனகிரி வரைக்கும் போய்விட்டது. எந்தெந்தப் பெண்ணின் நல்ல வரன் இதனால் கெட்டதோ என்று எனக்கு நெஞ்சு உறுத்திக்கொண்டே இருக்கும்.

2012-இல் பக்கத்து வீட்டுக் கலைக்கு நிச்சயம் ஆக இருந்தது, அந்த விதியால் நின்றுபோயிற்று. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையைக் கேட்டுப் பொறுக்க முடியாமல், கலையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கல, அது பொய் விதிடி. எனக்காக ஒருத்தரு ஒக்காந்து எழுதுனது. நான் வந்து ஒங்க அம்மாகிட்ட சொல்றேன், மாப்ள வூட்லயும் சொல்றேன்."

கலை பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். அடுப்பங்கரைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயோ, கெடுத்துடாதக்கா! நான் பொறந்தது சித்திர வெயில்ல. ஜோசியர்கிட்ட நானே போயி அடமழன்னு சொன்னேன். எனக்கு அந்தாளப் புடிக்கவே இல்ல."

"ஒங்கம்மாவுக்குத் தெரியாதா நீ எப்ப பொறந்தன்னு?"

"ஜோசியர் சொன்னதும் அம்மாவே, ஆமா, தூறல் போட்டிச்சுன்னுட்டாங்க. எங்க காலேஜில இப்பிடியே நாலு பேரு தப்பிச்சிருக்காளுங்கக்கா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருப்பேன். கலை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அடுத்து ஒண்ணு வந்திருக்கு. அவன் ரெண்டாவது பையன். அதுக்கு ஏதும் விதி இருக்கா?"

நான் கதவைச் சாத்திவிட்டு, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.